கடைக்கணக்கில் வராத படங்கள்

என் வீட்டுக்காரர் இறந்தபோது, அவர் படம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் உருப்படியாக ஒன்றும் இல்லை. அவர் வேலை பார்த்த கம்பெனியில் எல்லோரையும் நிற்க வைத்து எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. அதில் அவர் கடைசி வரிசை. முன்னால் நின்றவரின் தோள் அவருடைய பாதித் தாடையை மறைத்துவிட்டது. அந்தப் படத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. தைக்கிற மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஊசி வாங்க வந்த பக்கத்துப் போட்டோக் கடைத் தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் படத்தைக் காணவில்லை.

சில நாள் கழித்துக் காலையில் கடைக்கு வந்தால், மெஷினுக்கு எதிர்ச் சுவரில் என் வீட்டுக்காரர் இருக்கிறார். முழு முகம். மறைந்துபோன தாடையைத் தம்பி எங்கேயிருந்து கொண்டுவந்தார் என்று எனக்குப் புரியவில்லை. என் மகன் கடைக்கு வரும்போதெல்லாம் அவன் தாடையைப் பார்த்துப் பார்த்துப் போட்டாராம். பழைய படமும் மேசையில் பழைய இடத்திலேயே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எவ்வளவு தம்பி என்று கேட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

“அது கடைக்கணக்குல வராதுக்கா.”

எங்கள் இரண்டு கடையும் ஒரே அறைதான். நடுவில் ப்ளைவுட் தடுப்பு, அது கூரை வரைக்கும் போகாது. ஷட்டரும் ஒன்றுதான், ஆளுக்கொரு சாவி. நான் தைக்கிற சத்தம் அங்கே கேட்கும், அவர் பேசுவது இங்கே கேட்கும். கத்தரிக்கோலும் டீ கிளாசும் தடுப்புக்கு மேலேயே கைமாறும். படம் எடுக்க வருகிற எல்லோரிடமும் “தாடையக் கொஞ்சம் இறக்குங்க” என்பார். அதனால் தெருவில் அவருக்குத் தாடைக்காரர் என்றே பெயர். கல்யாணப் பெண்ணாக இருந்தாலும் சரி, கைக்குழந்தையாக இருந்தாலும் சரி, தாடை இறங்கியே ஆகவேண்டும். “இவரு வாயத் தொறந்தா தாடதான் வரும், காசு வராது” என்று அவர் மனைவி சொல்லுவாள். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

தங்கச்சி ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்தவள். அந்தக் கம்பெனியை மூடியபோது கையில் கொடுத்த பணத்தில்தான் கேமராவும் பிரிண்டரும் வாங்கினார்கள். அதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய ஸ்டூடியோவில் பல வருடம் உதவிக்கு நின்றவர். விளக்குப் பிடிப்பார், படம் வெட்டுவார், சட்டம் மாட்டுவார். வரி, பில், ஆபீஸ் எல்லாம் முதலாளி மேசையோடு முடிந்துவிடும். இவர் காதுவரை வந்ததில்லை.

சொந்தக் கடை போட்டதும் தன் கையாலேயே ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினார். ‘சொன்ன விலைதான். வரி கிடையாது.’ அதில் அவருக்கு ஒரே பெருமை. அவர் நினைத்தது இதுதான்: பேப்பரும் மையும் வாங்கும்போதே கடைக்காரர் வரி சேர்த்துத்தான் வாங்குகிறார். அத்தோடு அரசாங்கத்துக்குக் கொடுக்கவேண்டியது கொடுத்தாயிற்று. அதற்குமேல் படம் எடுப்பது தன்னுடைய உழைப்பு. கூலிக்கு யாராவது வரி கேட்பார்களா என்று என்னையே கேட்டார். நானும் கூலிக்குத் தைக்கிறவள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தார். எல்லா வகுப்புக்கும் படம் எடுக்கவேண்டும், வருடா வருடம் இவரே எடுக்கலாம் என்றார். தங்கச்சி அன்றைக்குத் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, “அக்கா, இனிமே நீங்க துணி தைக்கிற சத்தமே எங்களுக்குக் கேக்காது, அவ்வளவு வேல” என்று சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். வரி எண் போட்ட பில் வேண்டும்.

அதனால் அவரே கிளம்பி வரி ஆபீசுக்குப் போனார். அங்கே ஒரு எண் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனார். எப்போதிலிருந்து கடை நடத்துகிறீர்கள் என்று கேட்டார்களாம். இவர் உள்ளதைச் சொன்னார். நேற்றுத்தான் திறந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல அவருக்கு வாய் வராது.

கொஞ்ச நாளில் கடைக்கே ஒரு அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள், அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் வாசலில் நின்று பலகையைத் தன் போனில் படம் எடுத்தாள். பலகையில் வெயில் பட்டுப் பளபளத்தது. இவர் வெளியே ஓடிவந்து, அங்கே நின்றால் எழுத்து விழாது மேடம், கொஞ்சம் இடது பக்கம் வாங்க என்று இடம் காட்டிக்கொடுத்தார். எழுத்துத் தெளிவாக விழுந்ததா என்றும் எட்டிப் பார்த்தார். “தூக்குக் கயித்துல முடிச்சு சரியா விழுந்திருக்கான்னு கேட்ட ஒரே ஆளு நீதான்” என்று தங்கச்சி பின்னால் பலநாள் சொல்லிக்காட்டினாள். முதல் தடவை சொன்னபோது மூன்று பேருமே சிரித்தோம்.

உள்ளே போய் அந்தப் பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். வரியை அவர் கையிலிருந்து போடச் சொல்லவில்லையாம். படம் வாங்குகிறவர்களிடம் சேர்த்து வாங்கி ஆபீசில் கட்டவேண்டுமாம். படத்தோடு சேர்த்து வாங்குகிற, படம் எடுக்கிற கூலிக்கும் அதே வரிதானாம். வாங்காமல் விட்டுவிட்டால் அது கடைக்காரர் தலையில்தான் விழும். போன வருடம் கல்யாணம் ஆனவர்களிடம் இப்போது போய் வரி கொடுங்கள் என்று கேட்கமுடியுமா? இரண்டு வருட வரி மொத்தமும் இவர் தலைக்கு வந்தது. அதைத் தவணையில் கட்டலாம், கடையும் நடக்கும் என்றாள். அவர் மூச்சு விட்டது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அப்புறம்தான் பேப்பர் வாங்கிய பில்களைக் கேட்டாள். அவர் ஒன்றையும் தொலைக்கவில்லை. அழுக்குப் படாமல் அடுக்கி வைத்திருந்தார். அப்படி வைத்திருந்ததே வினையாகப் போயிற்று. ரொம்ப நேரம் கூட்டிக் கழித்தாள். பிறகு கேட்டாள்.

“மூணுல ஒரு பங்கு பேப்பர் கணக்குல இல்ல சார். அதுல போட்ட படமெல்லாம் எங்க?”

“குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“செத்துப்போனவங்களுக்கு.”

என் மெஷின் தானாக நின்றுவிட்டது.

எனக்குப் போட்டுக் கொடுத்தமாதிரி இந்தத் தெருவில், அடுத்த தெருவில், எத்தனையோ வீட்டில் கொடுத்திருக்கிறார். அடையாள அட்டையில் இருக்கிற நகத்தளவு முகத்தை எடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, துக்க வீட்டில் யாரும் பார்க்காதபோது வைத்துவிட்டு வருவார். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதற்கு அவர் பில் போடவில்லை, எழுதியும் வைக்கவில்லை.

ஆபீசைப் பொறுத்தவரை அதெல்லாம் மறைத்து விற்ற படம். மறைத்து விற்றால் வரியைவிட அபராதம் பெரிது. அதைக் கட்ட அவருடைய கடையை இரண்டு தடவை விற்கவேண்டும். ஒரு வழி இருக்கிறது என்று அந்தப் பெண்ணே சொன்னாள். படம் வாங்கினவர்கள் ஒவ்வொருவரும், பணம் கொடுக்காமல் வாங்கினோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பங்கைத் தள்ளிவிடுகிறேன் என்றாள். அதற்குக் கொஞ்சம் நாளும் கொடுத்தாள்.

அவர் மாட்டவே மாட்டேன் என்றார். தங்கச்சி அழுதாள், திட்டினாள், நான் பாக்கிங் பண்ணின காசுதானே இந்தக் கேமரா என்று கேட்டாள். அவர் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். எழுத்துக் கூட்டி எழுதத்தான் எனக்குத் தெரியும், அப்படியே எழுதினேன். பிறகு அவருக்குச் சொல்லாமல் நானும் தங்கச்சியும் அடுத்த தெருவில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம்.

அவருக்கு ஒரே மகன், வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனவன். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் அந்தப் பையன். எங்களை உட்காரவைத்தார். தங்கச்சி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். வரி ஆபீஸ், படம், கையெழுத்து என்ற மூன்று சொல்தான் அவர் காதில் விழுந்திருக்கவேண்டும். எழுந்துபோய்ப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். தோள் துண்டால் துடைத்தார். தங்கச்சி மடியில் கொண்டுவந்து வைத்தார்.

“கட்டுறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. தம்பிமேல எதுவும் வரவேண்டாம். இவன எடுத்துட்டுப் போயிடுங்க.”

இல்லை ஐயா, நாங்கள் அதற்கு வரவில்லை என்று எவ்வளவோ சொன்னோம். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. நாங்களேதான் படத்தைத் திரும்ப மாட்டினோம். மாட்டும்போது ஆணி பெயர்ந்து வந்துவிட்டது. செருப்பால் அடித்து இறக்கினேன். வெளியே வந்ததும் எழுதாத காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டாள். அடுத்த வீட்டுக்குப் போகலாமா என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று பயந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகத்தான் சொன்னார்.

“குடுத்தத மறுபடி போய் வாங்கிட்டு வந்த மாதிரி ஆயிடுச்சேக்கா.”

அதன்பிறகு அவர் பெரியவர் வீட்டுப் பக்கமாகப் போவதையே விட்டார்.

நான் காலையில் கும்பிடாமல் மெஷினில் கை வைக்கிறவள் இல்லை. அந்த நாட்களில் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை, அவருக்காகவே கேட்டேன். கடவுளே, உனக்குத் தெரிந்த கணக்கை அந்த ஆபீசுக்கும் ஒரு தடவை காட்டிவிடு என்று கேட்டேன். கேட்டவிதம் தப்போ என்னவோ. ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. என் ஒருத்தி படத்தை மட்டும் கழித்திருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே நின்றது.

பள்ளிக்கூடத்து வேலை அவருடைய பழைய முதலாளிக்குப் போயிற்று. கேமராவையும் பிரிண்டரையும் விளக்குகளையும் அந்த முதலாளியே வந்து வாங்கிக்கொண்டார். நல்ல விலை கொடுத்தேன் என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பணம் முழுசாக ஆபீசுக்குப் போயும் பாக்கி தீரவில்லை. தங்கச்சி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தூக்குக் கயிறு என்று சொல்லிக்காட்டுவதையும் விட்டுவிட்டாள். அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

வேறு ஊரில் ஒரு கிடங்கில் அவருக்கு வேலை கிடைத்தது. உடைந்து வருகிற சாமான்களைப் படம் எடுத்து அனுப்பவேண்டுமாம். “அங்க யாருக்கும் தாடையே கெடையாதுக்கா” என்றார். நான் சிரித்திருக்கவேண்டும். முடியவில்லை.

போகிற அன்று மதியம் ஷட்டர் சாவியைக் கொடுக்க வந்தார். தங்கச்சி பையோடு தெருவிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் காலி அறை. என் மெஷின் சத்தம் அங்கே போய் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க தம்பி என்றேன். சரி என்றார். ஒரு தடவை பண்ணினார், பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியாது.

சாவியை மேசைமேல் வைத்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அந்த நேரத்துக்கு வாசல் வழியாக வருகிற வெயில் நேராக என் வீட்டுக்காரர் முகத்தில்தான் விழும்.

“அண்ணன் படத்த வெயில் படாத சுவத்துக்கு மாத்திடுங்கக்கா. நெறம் போயிட்டா, திரும்பப் போட்டுக் குடுக்க நான் இருக்கமாட்டேன்” என்றார்.