கச்சானுக்குக் காத்திருந்த அலியார் காக்கா

மீன் இறக்கிவிட்டு வந்து கெப் வண்டியின் பின்பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அலியார் காக்காவின் பெயர். நெஞ்சு நோவென்று முதல்நாள் பின்னேரம்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வார்டில் படுத்துக்கொண்டும் விசாரிக்கிறாரே இந்த மனிதர் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தினமும் கேட்பது ஒரே கேள்விதான் என்பதால், கேட்கும் முன்னரே, "ஓம் காக்கா, நல்ல தண்ணியாலதான் கழுவினன்" என்றேன். மறுமுனையில் காக்கா இல்லை. அவருடைய மகன், "மாமா, வாப்பா மௌத்தாகிட்டார்" என்றான்.

பாலமுனையிலும் ஒலுவில் துறைமுகத்திலும் அவரை அறிந்தவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேர் அவரோடு ஒரு தடவையாவது சண்டை பிடித்தவர்கள். நான் தினமும் பிடித்தவன். இருவரும் கூட்டாக ஒரு கெப் வாங்கி, துறைமுகத்தில் மீன் ஏற்றிக் கல்முனைச் சந்தைக்குக் கொண்டுபோனோம். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற பிடிவாதக்காரர் அல்லர் அவர். நாலு காலையும் தொட்டுக் காட்டும்வரை எவரையும் எழுந்து போகவிடாத பிடிவாதக்காரர்.

நாங்கள் வாங்கும்போதே வண்டியின் பின்பெட்டிக்குள் கறுப்புப் பிளாஸ்டிக் லைனர் ஒன்று இறக்கிப் பொருத்தியிருந்தது. பார்வைக்கு அழகு, நனைந்தால் வழுக்கும். ஒரு மாரியில் வெள்ளம் வந்தபோது, பள்ளத்து வீடுகளிலிருந்து ஆட்களைப் பாடசாலைக்கு ஏற்றினோம். என் கூடப்பிறந்த மூத்தவள் ராத்தாவைப் பின்பெட்டியில் கதிரை வைத்து இருத்தினோம். தண்ணீருக்குள் மறைந்திருந்த குழியைக் கடைசி நொடியில் கண்டு காக்கா பிறேக் அடிக்க, கதிரையோடு வழுக்கிப்போன ராத்தா பெட்டியின் முன்பக்கத் தகரத்தில் மோதினாள். ராத்தாவின் மணிக்கட்டு முறிந்தது.

"பிறேக் அடிச்சது சரி, பிளாஸ்டிக்தான் பிழை" என்றார் காக்கா. ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "இத மாத்தாம இனி உங்கட வாசலுக்கு வரமாட்டன்" என்று மட்டும் சொன்னார். அப்படியே வரவுமில்லை. ராத்தா வீட்டுக்கு மீன் கொண்டுவந்தால் ஒழுங்கை முகப்பில் வண்டியை நிறுத்தி, என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். "நோன்பு பிடிச்ச புள்ள மாதிரி நிக்கிறான், தேத்தண்ணியும் குடிக்காம" என்பாள் ராத்தா. அவளுக்கு அது பெரிய மனக்குறையாகவே இருந்தது.

லைனரைக் கழற்றிய அன்று இருவரும் மூக்கைப் பொத்தினோம். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர், மீன் செதில், மணல் எல்லாம் அடியில் தேங்கித் தகரத்தைத் தின்றிருந்தன. ஒரு மூலையில் ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. லைனரை வாங்க ஒருவர் வந்தார். காக்கா விற்கவில்லை. "நமக்கு வழுக்கினது அவனுக்கு வழுக்காதா?" என்று கேட்டு, மரமறுக்கும் வாளால் அறுத்து ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டார். நல்ல காசு போய்விட்டதே என்று நான் கத்தினேன். ஆடுகள் சந்தோஷமாக இருந்தன.

வண்டித் தகர வேலை செய்யும் டிங்கர் பாஸ் ஓட்டையை அடைத்தார். நாங்கள் துருவைத் தேய்த்து, கழுவி, காயவைத்துக் கொடுத்தோம். றப்பர் போலக் கெட்டியாகவும், கைக்குச் சொரசொரப்பாகவும் காயும் கோட்டிங்கை அவர் இயந்திரத்தால் தெளித்தார். சில வாரங்களில் அது அப்பளம் போல எழும்பிவிட்டது. பாஸைக் குறைசொல்லக் கிளம்பினேன். காக்கா என்னை மறித்து, கழுவிய வாளியைக் கேட்டார். எங்கள் வீட்டுக் கிணற்றில் அள்ளி, அந்தத் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தார்.

"தம்பி, உங்கட கிணறு உவர்."

"பொறந்ததில இரிந்து இதத்தான் குடிக்கிறம், காக்கா!"

"அதுதான் உங்களுக்கு விளங்கல்ல."

கடல் கரையை அரித்து உள்ளே வர வர, கிணறும் மெல்ல மெல்ல உவரேறியிருக்கிறது. எங்கள் நாக்கும் கூடவே பழகிவிட்டது. உப்பைப் போக்குவதாக நினைத்து உப்பால் கழுவியிருக்கிறோம்.

அடுத்த சந்தை நாளுக்குள் மறுபடி தெளித்துவிடலாம் என்றார் பாஸ். காக்கா சம்மதிக்கவில்லை. கடற்காற்றிலும் உப்பிருக்கிறது, தரைப்பக்கமிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும்வரை பொறுக்க வேண்டும் என்றார். தொழில் கெடுகிறதென்று நான் குதித்தேன். "பூசிறது கடைசி வேலைடா. அதுக்கு முந்தினதுதான் வேல" என்றார். எழும்பிய கோட்டிங்கை முழுவதும் சுரண்டினார். கம்பித் தூரிகையால் தகரம் வெளுக்கும்வரை தேய்த்தார். பைப் தண்ணீரைப் பரலில் நிரப்பிக் கொண்டுவந்து கழுவினார். கச்சான் வீசத் தொடங்கி உதடு வெடித்த ஒரு நாளில்தான் பாஸைக் கூப்பிட்டார். அந்தப் பூச்சு இன்றுவரை எழும்பவில்லை.

அது காய்ந்து இறுகியதும் வண்டியை நேரே ராத்தாவின் வாசலுக்கு விட்டார். பின்பெட்டியில் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றி, அதே கதிரையைத் தூக்கி வைத்து, "ஏறுங்க ராத்தா" என்றார்.

"ஒரு கைய முறிச்சது காணாதா?" என்றாள். ஆனாலும் ஏறி இருந்தாள்.  ஒழுங்கைக் கடைசிவரை ஓட்டி, சடாரென்று பிறேக் அடித்தார். கதிரை இம்மியும் அசையவில்லை. இறங்கிவந்து வாசற்படி ஏறியவர், "தேத்தண்ணி ஊத்துங்க" என்றார். அன்று ராத்தா அழுததை அவர் கண்டும் காணாதவர் போல இருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய ஜனாஸாவை அந்த வண்டியில்தான் கொண்டுவர வேண்டும் என்றான் மகன். அவன் ஓட்ட, நான் அவரைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியின் பக்கத்தில் இருந்தேன். நிந்தவூர் தாண்டும்போது மாடுகள் குறுக்கே வந்தன. அவன் பிறேக்கை மிதித்தான். என் இரு கைகளும் சந்தூக்கைப் பிடிக்கப் பாய்ந்தன. பிடிக்க வேண்டி இருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

காக்காவின் மையத்து வீட்டு வேலியோரம் நின்ற ராத்தா என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வழியில அசைஞ்சாரா?"

"இல்ல ராத்தா. வெச்ச இடத்திலயே இரிந்தார்."

அவருடைய கம்பித் தூரிகை இப்போது என்னிடம் இருக்கிறது. நல்ல தண்ணியாலதான் கழுவினியா என்ற அவருடைய கேள்வியும் இருக்கிறது. தினமும் காலையில் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். பின்கதவோரத்தில், மீன்பெட்டி உரசி உரசிப் பூச்சு தேய்ந்திருக்கிறது. மேலால் கொஞ்சம் தடவினால் போதும் என்கிறார்கள். போதாது. கச்சான் வரட்டும், அந்த இடத்தைத் தகரம்வரை தேய்த்து, பைப் தண்ணீரால் கழுவித்தான் பூசுவேன். மாரிக்கு முன் முடிப்பேன். ராத்தாவிடமும் சொல்லிவிட்டேன்.

"கதிரைய நான் தாறன்," என்றாள். "பிறேக்க நீ அடி."