ஆட்டுக்கொட்டிலில் எடுத்த படம்

என் மகள் தன் தொலைபேசியில் ஒரு படத்தை ஓடவிட்டுக் காட்டினாள். எங்கோ ஒரு கிராமத்துப் பெண், மடிப்புக் குலையாத சேலையோடு பால் கறக்கிறாள். மாடு அசையவில்லை. வாலைக்கூட வீசவில்லை. கறந்து முடிந்ததும் அவள் கோழிகளைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவை பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாகக் கூட்டுக்குள் போகின்றன.

"என்ன நிம்மதியான வாழ்க்க, பாருங்கம்மா" என்றாள் மகள்.

நான் பார்த்தேன். என் கோழிகள் அந்த நேரம் பக்கத்து வீட்டுக் கத்தரிப் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டு வளவிலும் ஒருமுறை இப்படிப் படம் எடுத்தார்கள். அதில் என் அம்மா இருந்தார். அந்தக் கதையை மகளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவள் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பனிச்சங்கேணிப் பக்கம், வாவிக்கரையில் எங்கள் வீடு. அப்பா தோணியில் போய் மீன் பிடிப்பவர். அம்மாவின் ஊர் அமிர்தகழி. அப்பாவை விரும்பி, வீட்டாருக்குச் சொல்லாமல் வந்துவிட்டவர்.

அம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன். எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுக்குத்தான். தங்கைக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அண்ணன் தன் கலியாணத்தை நினைப்பான். மாமாவும் அப்படித்தான் அம்மாவுக்காகக் கல் வாங்கி, அத்திவாரமும் போட்டிருந்தாராம். அந்த அத்திவாரத்தை அப்படியே விட்டுவிட்டுத் தங்கை போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் அம்மாவோடு பேசவில்லை. நான் பிறந்த செய்தி போனபோதும் வரவில்லை. மாமாங்கக் கோயில் திருவிழாவில் அம்மா தூரத்தில் நின்று அவரைப் பார்ப்பார். அவர் தேர் வருகிற பக்கம் திரும்பி நின்றுகொள்வார், தேர் வராத நேரத்திலும்.

அப்பாவும் அம்மாவும் இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக ஒரு கல்வீடு கட்டினார்கள். கல்லை அப்பாவே அச்சில் போட்டார். அம்மா தண்ணீர் ஊற்றினார். ஓடு போட்டு முடித்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஆசைதான். அண்ணன் இந்த வீட்டைப் பார்க்க வேண்டும். தான் கெட்டுப்போகவில்லை என்று அவருக்குத் தெரியவேண்டும். அமிர்தகழிப் பக்கம் யார் போனாலும் சொல்லி அனுப்புவார். சொன்னவர்களும் உண்டு. மாமா காதில் வாங்கவில்லை.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து பாதை திறந்திருந்த ஒரு காலத்தில், கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்தது. கிராமத்து வாழ்க்கையைத் தொலைக்காட்சிக்குப் படம் எடுக்கிறார்களாம். தொப்பி போட்ட ஒருவர் எங்கள் வளவுக்குள் வந்து, வாவியைப் பார்த்தார், தென்னைகளைப் பார்த்தார், "அருமை, அருமை" என்றார். வீட்டைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. பிறகு ஆட்டுக்கொட்டிலைக் கண்டார். தென்னங்கிடுகுக் கூரை, களிமண் சுவர். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அம்மா, இதுக்கு முன்னால இருந்து சமைக்கிற மாதிரி எடுப்போம்."

"அது ஆட்டுக்கெல்லோ ஐயா?"

"ஆட்ட அங்கால கட்டுங்க."

 "வீட்டையும் எடுப்பீங்கதானே?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் ஓம், கடைசியில."

அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியிருந்த நல்ல சேலையை மாற்றிப் பழைய சீலை உடுத்தார். பிளாஸ்டிக் வாளியும் அலுமினியப் பானையும் அப்பாவின் சைக்கிளும் வேலிக்கு வெளியே போயின. எங்களிடம் மண்பானை இல்லை. பக்கத்து வீட்டு மாமி, கோழி அடைவைத்திருந்த பானையை, கோழியை எழுப்பிவிட்டுக் கொண்டுவந்து தந்தார். அப்பாவின் சேர்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். நடு மத்தியானத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று அப்பா வலை வீசினார். ஒன்றும் படவில்லை. விடியப்புறம் பிடித்து விற்ற திரளி மீனில் ஒன்றை வியாபாரியிடம் திரும்ப வாங்கிவந்து வலைக்குள் வைத்தார்கள். அந்த மீன் இரண்டாம் தரமும் பிடிபட்டது.

நான் கூச்சக்காரி. இப்போதும் அப்படித்தான். அம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அதைத்தான் அந்தத் தொப்பிக்காரர் மிகவும் விரும்பி, "பிள்ள அப்பிடியே பயந்து நிக்கட்டும்" என்றார்.

வேலை முடிய வெயில் சாய்ந்துவிட்டது. அம்மா ஓடிப்போய் நல்ல சேலையைத் திரும்பக் கட்டிக்கொண்டு, வீட்டு விறாந்தையில் வந்து நின்றார். வேன் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"வெளிச்சம் போயிட்டுதம்மா" என்று அவர்கள் கைகாட்டினார்கள்.

"போகக்குள்ள தூர வச்சி எடுத்திருப்பாங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா "ஓம்" என்றார்.

படம் போட்ட நாளில் ஊரே கடைக்காரர் வீட்டு முற்றத்தில் கூடியது. பற்றரியில் ஓடுகிற சின்னத் தொலைக்காட்சி. குழல் இசையோடு வாவி வந்தது, தென்னை வந்தது, அப்பாவும் மீனும் வந்தார்கள். பிறகு ஆட்டுக்கொட்டில் வாசலில் அம்மா. இந்தச் சின்னக் குடிலுக்குள் ஆசையேதுமின்றி, உள்ளதே போதும் என்று வாழ்கிறது இந்தக் குடும்பம் என்று ஒரு குரல் உருகியது. அம்மா கழுத்தை நீட்டிக் கடைசிவரைக்கும் பார்த்தார். வீடு வரவேயில்லை.

"அப்ப ஆடெல்லாம் இப்ப கல்வீட்டிலயா படுக்கிது கா?" என்று அம்மாவைக் கேட்டார் பானை தந்த மாமி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் எங்களை விட்டு முன்னே வேகமாக நடந்தார்.

"அண்ணன் பாத்திருப்பாரா?" என்று வாசலில் வைத்து அப்பாவைக் கேட்டார். பார்க்கவேண்டும் என்று இத்தனை காலம் கும்பிட்டவர், அன்றைக்குப் பார்த்திருக்கக்கூடாது என்று கேட்டார்.

சில நாள் கழித்து, காலையில் எங்கள் வேலிக்கருகில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. நிறையத் தகரமும் மரமும் சீமெந்துப் பையும். இறங்கியவரை நான் முன்பு கண்டதில்லை. ஆனால் அம்மாவின் மூக்கு அவர் முகத்தில் இருந்தது. அவர் வேறெதையும் பார்க்காமல் நேரே ஆட்டுக்கொட்டிலுக்குப் போய், குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"மனே, இதுக்குள்ளயா என்ட தங்கச்சி படுக்கிறா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கூச்சத்தை விட்டுப் பேசினேன். "அது ஆடு படுக்கிற. எங்கட வீடு அந்தா இரிக்கி."

அவர் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். ஓடு, விறாந்தை, பச்சை பூசிய கதவு. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ லொறிப் படியில் போய், சுமை தூக்கிக் களைத்தவர் போல உட்கார்ந்துவிட்டார்.

லொறிச் சாரதி தலையை வெளியே நீட்டினார். "என்னண்ணே, இறக்கிறதா, கொண்டு போறதா?"

"கொண்டு போவம். இஞ்ச எல்லாம் இரிக்கி."

அந்தச் சத்தத்துக்கு அம்மா ஈரக்கையோடு வெளியே வந்தார். அண்ணனைப் பார்த்தார். லொறியில் இருந்த தகரத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். சாரதி அதற்குள் லொறியின் எஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

"அண்ணன்" என்றார் அம்மா. "எங்களுக்குக் குசினி இல்ல."

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டின் பின்பக்கம், சமைப்பதற்கென்றே அப்பா கட்டிய குசினி இருந்தது. புகைபோக்கியும் இருந்தது. அந்த நேரம் அதிலிருந்து புகையும் போய்க்கொண்டிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் ஈரக்கை என் தலையில் அழுத்தமாக விழுந்தது.

மாமா புகையைப் பார்த்தார். "அது என்ன?"

"அது நெல்லுப் போடுற அறை" என்றார் அம்மா.

நெல்லு எப்படிப் புகையும் என்று மாமா கேட்கவில்லை. அப்பா பின்னாலிருந்து வந்து நின்றார். அந்தக் குசினிச் சுவரைத் தன் கையால் பூசி, தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் அவர். "ஓம் மச்சான். மழைக்குச் சரியான கஷ்டம்" என்றார்.

மாமாவும் அப்பாவும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "இறக்கு" என்று சாரதியிடம் சொன்னார்.

குசினி கட்டி முடியும்வரை மாமா எங்களோடு தங்கினார். தனக்குக் குசினி இல்லை என்று சொல்லிவிட்டதால், அம்மா முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைக்க வேண்டியதாயிற்று. காற்றுக்கு நெருப்பு அணையும், காகம் மீனைத் தூக்கும், அம்மா அகப்பையோடு கலைத்துக்கொண்டு ஓடுவார். தொப்பிக்காரர் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தால் அவர் கேட்ட படம் கிடைத்திருக்கும். மாமா கல் வைத்தார், அப்பா சாந்து குழைத்தார். "வல பின்னுற மாதிரியெல்லோ சுவர் கட்டுற" என்று மாமா அப்பாவைச் சீண்டுவார். "உங்கட ஊர்ல அத்திவாரத்தோட விட்டிருவாங்களாமே மச்சான்" என்று அப்பா திருப்பிச் சொன்னபோது, அம்மா கையில் அகப்பையோடு எழுந்து நின்றார்.  மாமா சாந்துக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

புதுக் குசினியில் பால் காய்ச்சிச் சோறாக்கி, முதல் வாழையிலையில் மாமாவுக்கு அம்மா பரிமாறினார். மாமா தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, கேட்காமலே சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது மாமா பையை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போகவில்லை. வீட்டின் பின்பக்கம் போய், பழைய குசினிக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். உள்ளே அடுப்பு இருந்தது. சுவரெல்லாம் கரி. மூலையில் தேங்காய்ச் சிரட்டைகளும், ஒரு பழைய தாச்சிச் சட்டியும். நெல்லு ஒரு மணிகூட இல்லை. மாமா சுவரைத் தடவிப் பார்த்தார். அடுப்பையும் நன்றாகப் பார்த்தார்.

வெளியே வந்து அப்பாவின் தோளில் கைவைத்து, "நெல்லுப் போடுற அறைக்கு வடிவாத்தான் பூசியிரிக்காய் மச்சான்" என்றார்.

அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். புதுக் குசினி வாசலில் நின்ற அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

எனக்கு மட்டும் பெரிய கவலையாக இருந்தது. அடுப்பைக் கண்ணால் பார்த்த பிறகும், இத்தனை பெரிய மனிதர்கள் மூன்று பேருக்கு அது குசினி என்று தெரியவில்லையே. மாமா அடுத்தமுறை வரும்போது, அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அவருக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.