கோட்டுக்கு இரண்டு விரற்கடை வெளியே

என் மகள் இந்த நாட்டுக்காக வெளிநாடுகளில் இறகுப்பந்து ஆடியவள். அவளைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஏற்காட்டு மலையில் பிறந்தவள், காப்பித் தோட்டத்து ரைட்டரின் மகள், தந்தையின் ஊக்கத்தால் உயர்ந்தவள் என்றே எழுதினார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைத் திருத்தும் பொருட்டே இதனை எழுத முற்பட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வேலையாட்களின் பெயரையும் வருகையையும் செக்ரோலில் எழுதியே பழகிய கை இது. குற்றம் குறை இருப்பின் படிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் பணிபுரிந்த எஸ்டேட் செம்மநத்தம் செல்லும் பாதையில் இருந்தது. மேனேஜரை நாங்கள் துரை என்றே அழைப்போம். தோட்டத்துக்காரர்களுக்கென்று டவுனில் ஒரு கிளப்பும், அதனுள் தகரக் கூரையும் மரத்தரையும் கொண்ட ஓர் ஆடுகளமும் உண்டு. வெளியூர் விடுதிப் பள்ளியில் படித்துவந்த துரையின் மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அங்கே ஆடுவாள். ஒரு கோடை விடுமுறையில் அவளோடு ஆட ஆள் இல்லாமற் போனது. என் மகள் பள்ளியில் ஆடிப் பரிசு வாங்கியதைக் கேள்விப்பட்ட துரை, “பொண்ண அனுப்புங்க ரைட்டரே” என்றார். அப்போது என் மகளுக்கு வயது பன்னிரண்டு. எதிரே ஆடியவள் இரண்டு வயது மூத்தவள்.

முதல் நாளே என் மகள் வென்றாள். அதுவும் எதிராளி பத்துப் புள்ளிகளைத் தொடுவதற்கு முன்பே.

மறுநாள் காலை மஸ்டரில் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்த என்னிடம் துரை வந்தார். “உங்க பொண்ணு நல்லா ஆடுது, ரைட்டரே. எங்க பாப்பா நேத்து சாப்பிடவே இல்ல” என்றார். பிறகு மேல்காட்டில் மிளகுக்கொடி ஏற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான். அவர் என்னிடம் வேறெதையும் கேட்கவில்லை என்பதை நான் இன்றுவரை மறக்க முயன்றும் முடியவில்லை. கேட்டிருந்தால் பழியில் பாதியையாவது அவர் தலையில் இறக்கி வைத்திருப்பேன்.

அன்று மாலை மகளை அழைத்தேன்.

“கண்ணு, பத்தொம்போது வரைக்கும் சரிக்குச் சமமா வந்துரு. அப்பறம் ரெண்டு பாயிண்ட்ட உட்டுரு.”

“ஏனுங்கப்பா?”

“நாம இருக்கற ஊடு அவிங்க குடுத்தது, சாமி.”

“ஊட்டுக்கும் கோர்ட்டுக்கும் என்னங்கப்பா?”

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: “செக்ரோல்ல ஆள் எழுதறது பத்தாதுன்னு, புள்ளயோட பாயிண்ட்டயும் நீங்களே எழுதறீங்களாக்கும்?”

“நீ கொழம்பப் பாரு” என்றேன்.

இருபத்தொரு புள்ளி எடுப்பவர் வெற்றி பெறுவது இந்த ஆட்டத்தின் விதி. வெகு முன்னதாகத் தோற்றால், ஆடத் தெரியாத பிள்ளையை அனுப்பினான் என்ற பேர் வரும். வென்றால் பாப்பா சாப்பிட மாட்டாள். ஆகவே பத்தொன்பது என்பது நான் யோசித்துக் கண்டுபிடித்த எண். அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது. இதனை மறைத்துப் பயனில்லை.

நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு விடுமுறையிலும் அவள் அவ்வாறே ஆடினாள். துரை பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருப்பார். நான் கதவோரம் நிற்பேன். தோற்பதிலும் அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள். “நெட்டுல அடிச்சா தெரிஞ்சு போயிருங்கப்பா. கோட்டுக்கு ரெண்டு விரக்கடை வெளிய உட்டா, ஒருத்தருக்கும் தெரியாது” என்று ஒருநாள் வீடு திரும்பும் வழியில் என்னிடம் விளக்கினாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

பின்னர் மாவட்டப் போட்டி ஒன்றில் சேலத்துப் பயிற்சியாளர் ஒருவர் அவளைக் கண்டார். நினைத்த இடத்தில், ஒரு விரல் அளவுகூடப் பிசகாமல் பந்தைப் போடும் கை இந்த வயதில் யாருக்கும் வாய்க்காது என்று வியந்து கூறினார். அந்தக் கை எப்படி வாய்த்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் அவளைக் கீழே சேலத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்து பெரிய நகரத்துப் பயிற்சிக்கூடம், அதன்பின் மாநில அணி, கடைசியில் நாட்டின் பெயரை முதுகில் தாங்கிய சட்டை. அந்தச் சட்டையோடு அவள் நிற்கும் படத்தை ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் டீக்கடைக்காரர் சட்டம் போட்டு மாட்டினார்.

அவள் ஆடுவதை அந்தக் கடையிலேதான், கைப்பேசியில், பத்துப் பேர் தலையை முட்டிக்கொண்டு பார்ப்போம். காலிறுதி, அரையிறுதி என்று நன்றாகத்தான் போவாள். மூன்றாவது ஆட்டம் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது என்று வந்து நிற்கும். அப்போது அவள் அடித்த பந்து மெல்ல இறங்கி, கோட்டுக்குச் சற்று வெளியே விழும். அடுத்ததும் அவ்விதமே. கைப்பேசியில் கோடு மயிரிழை போலத் தெரியும். ஆனாலும் அது எத்தனை விரற்கடை என்று எனக்குத் தெரியும்.

“ஏனுங்க ரைட்டரே, நம்ம புள்ளைக்குப் பத்தொம்பதுல ஏதோ கண்டம் இருக்குதாட்டம் தெரியுதுங்க” என்றார் கடைக்காரர்.

“கண்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தூர்க் குளுருக்குக் கை வெறச்சுப் போயிருக்கும்” என்றார் மிளகு வியாபாரி ஒருவர்.

“ஏற்காட்டுல பொறந்ததுக்குக் குளுரா? உங்க கைதான் டீ கிளாஸ்லயே ஒட்டிக் கெடக்குது, நீங்க பேசாதீங்க!” என்றார் கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். சேர்வராயன் கோயிலில் ஒரு பொங்கல் வைத்தால் சரியாகிவிடும் என்று முடிவாயிற்று. நான் மனைவியோடு போய்ப் பொங்கல் வைத்தேன். காரணத்தை அறிந்தவன், அறியாதவன்போல் கைகூப்பி நின்றேன். கற்பூரம் காட்டும்போது என் மனைவி சாமியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து மகள் பேசினாள்.

“அதுவரைக்கும் ஒண்ணுமே இல்லீங்கப்பா. பத்தொம்போது ஆல்னு அம்பயர் சொன்னதும், கை தானா வெளிய போகுதுங்க. டீம்ல மனசு டாக்டர் ஒருத்தர் இருக்காருங்க. இது எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டாருங்க.”

நான் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

“ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டேங்க. உங்களச் சொல்லலீங்க.”

“சாப்டியா கண்ணு?” என்று கேட்டேன். அன்று ஒரு தந்தையாக நான் அவளிடம் சொன்னது அவ்வளவே.

முக்கியமான நேரத்தில் தடுமாறுகிறாள் என்று கூறி அணியிலிருந்து அவளை விலக்கினார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு ஓர் அலுவலகத்தில் உத்தியோகம் கிடைத்தது. கிளியூரில் எங்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தாள். நானும் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸ் சாவியை எஸ்டேட் ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு அந்த வீட்டில் குடிபுகுந்தேன். ஆக, எவருடைய தயவும் எங்களுக்குத் தேவைப்படாத காலம் வந்தது. நடந்ததைப் புரிந்துகொள்ள, படிப்பவர்கள் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

சென்ற கோடையில் அதே கிளப்பில் அவளுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். துரையும் ஓய்வுபெற்று, தளர்ந்து, கைத்தடியோடு வந்திருந்தார். அவருடைய மகளும் வெளிநாட்டிலிருந்து குழந்தைகளோடு வந்திருந்தாள். மாலையும் சால்வையும் முடிந்தபின் அவள், “ஏய், பழையபடி ஒரு கேம் ஆடலாமா? அப்பல்லாம் நான்தானே ஜெயிப்பேன்!” என்றாள். கூட்டம் கைதட்டியது.

“ஆடலாங்கக்கா” என்றாள் என் மகள்.

சில நிமிடங்களில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் அது. ஆனால் எண்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஏறின. நாலுக்கு நாலு. பதினொன்றுக்குப் பத்து. துரையின் மகளுக்கு மூச்சு வாங்கியது. என் மகளின் நெற்றியில் வியர்வைகூட இல்லை. இத்தனை வருடம் கழித்தும் என்னமாய் ஆடுகிறாள் என்று எல்லோரும் துரையின் மகளைப் புகழ்ந்தார்கள். நான் மட்டும் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு, பதினெட்டு. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.

என் மகள் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவோரம் நின்ற என்னிடம் வந்தாள்.

“அப்பா, இப்பச் சொல்லுங்க. ஜெயிக்கட்டுங்களா, உட்டுறட்டுங்களா?”

கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். ஏதோ வேடிக்கை என்று எல்லோரும் சிரித்தார்கள். “சொல்லுங்க ரைட்டரே!” என்று ஒருவர் கூவினார். அவள் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஒவ்வொரு புள்ளியாக எண்ணி அந்த ஆட்டத்தை அந்த இடத்துக்கு நடத்தி வந்திருக்கிறாள்.

ஒரே ஒரு சொல் போதும். ஜெயி என்று சொன்னால் போதும். வீடு அவிங்களுடையது அல்ல. வேலை அவிங்களுடையது அல்ல. கையில் தேநீர்க் கோப்பை நடுங்கும் அந்த முதியவரால் எனக்கு ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை, அஞ்சவேண்டியதும் ஒன்றுமில்லை. ஆயினும், வாயைத் திறப்பதற்கு முன்பு என் கண்கள் பிரம்பு நாற்காலியின் பக்கம் போயின.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மடியில் சிந்திய தேநீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்புவதற்குள் என் மகள் பார்த்துவிட்டாள். “சரிங்கப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அடுத்த இரண்டு பந்துகளும் கோட்டுக்கு வெளியே விழுந்தன. கைதட்டல் தகரக் கூரையில் மழைபோல் இரைந்தது. வலைக்கு மேலாகக் கைகொடுத்து, சிரித்து, படம் எடுத்துக்கொண்டாள்.

கிளியூர் வரையில் காரை அவளே ஓட்டினாள். மூட்டு வலியால் கூட்டத்துக்கு வர இயலாதிருந்த என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“வெளையாடுனீங்களாமே, பக்கத்தூட்டுக்குப் போன் வந்துது. யாரு சாமி ஜெயிச்சா?”

“அப்பாதாம்மா” என்றாள் என் மகள். காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.