வடதுருவக் கரையில் சிந்திய மஞ்சள் நெல்

சென்ற ஆடி மாதம் ஏழு இரவுகள், முப்பத்தாறு பயணிகள் மட்டும் போகும் ஒரு சிறு கப்பலில் ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றி வந்தேன். வடதுருவத்துக்குக் கிட்ட, நோர்வேக்குச் சொந்தமான தீவுக்கூட்டம் அது. திரும்பி வந்து நான்கு மாதமாகியும் இங்கே ஒரு வரி எழுதவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வேலை அதிகம் என்றேன். உண்மையான காரணம் வெட்கம். பனிக்கரடியைப் பார்த்த கதையை மட்டும் எழுதிவிட்டு நழுவலாம் என்று இரண்டு தரம் முயன்று, இரண்டையும் அழித்துவிட்டேன்.

என் சம்பளத்தில் போகக்கூடிய பயணம் இல்லை இது. நான் மட்டக்களப்புப் பக்கத்துத் தேற்றாத்தீவுக்காரன், விவசாயப் போதனாசிரியர். ஒஸ்லோவில் இருக்கும் அக்கா தனக்கென்று பதிவு செய்திருந்த இடம். அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை வந்ததால் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். ஆளுக்கு 5,200 யூரோ. சாப்பாடும் கரையிறங்கலும் அதற்குள் அடக்கம். ஒஸ்லோவிலிருந்து லாங்யர்பியன் என்ற சின்ன ஊருக்கு விமானத்தில் மூன்று மணி நேரம். அங்கிருந்துதான் கப்பல்.

புறப்படும் நாளில் மனைவி ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சை என் கையில் வைத்தாள். வைகாசியில் எங்கள் கண்ணகை அம்மன் கோயில் சடங்கில் நெல் குற்றுவார்கள். அந்த நெல்லில் குற்றாத ஒரு பிடியை மஞ்சள் தேய்த்து எடுத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். தூரப் பயணம் போகிறவர் மடியில் அது இருக்க வேண்டும். சடங்கின் கடைசி நாளுக்குக் குளிர்த்தி என்று பெயர். குளிர்த்தி நெல்லோடு குளிருக்கே போகிறேன் என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கப்பலேறிய முதல் நாள், பிற்பகல் நான்கு மணி. அறை வாசலில் நின்று தொலைபேசியில் மனைவியிடம், "மறுகா எடுக்கிறன்" என்று சொல்லி வைத்தேன். நாடு முழுக்கப் 'பிறகு' என்று சொல்வதை எங்கள் பக்கம் 'மறுகா' என்போம். யாழ்ப்பாண நண்பர்கள் இந்த ஒரு சொல்லை வைத்தே எங்களைக் காலம் முழுக்கக் கேலி செய்வார்கள். என் பையைத் தூக்கி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சேர் மட்டக்களப்போ? நான் கதிரவெளி."

அவர் பெயர் தவராசா. நாற்பத்து நான்கு வயது. பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை பார்த்து, பிறகு கப்பலுக்கு வந்தவர். அறைகளைச் சுத்தம் செய்வதும், கரைக்கு இறங்குகிறவர்களின் சப்பாத்துகளைக் கழுவிவிடுவதும் அவர் வேலை. ஐந்து நிமிடத்தில் 'சேர்' போய் 'அண்ணன்' வந்துவிட்டது.

"ரெண்டு வருசமா இந்தத் தீவெல்லாம் சுத்திறன் அண்ணன். ஒருநாளும் கரையில கால் வெக்கல்ல. எங்களுக்கு வேலை விடாது. இந்தமுறை புதன்கிழமை எனக்கு முறை தந்திரிக்காங்க. பனியாத்துக்கு முன்னால நிண்டு ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்போணும். நீங்க எடுத்துத் தருவீங்கதானே?"

"அதென்ன கேள்வி" என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எல்லாரையும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தத் தீவுகளில் வெளியூர்ப் புல்பூண்டு ஒன்றும் முளைக்கக் கூடாது. அதனால் சட்டைப் பையெல்லாம் வெளியே இழுத்து, தூசியுறிஞ்சியால் உறிஞ்சுகிறார்கள். விதை, செடிகொடி எதுவும் தன்னிடம் இல்லையென்று ஒவ்வொருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். பொய் சொன்னால் அந்த ஆளுக்கு அதன்பின் கரையிறங்கல் கிடையாது.

நான் கையெழுத்து வைத்தேன். எங்களுக்கு விதை என்றால் விதைநெல், விதைப்பதற்கென்று எடுத்து வைப்பது. சடங்கு நெல் அம்மனுடையது, அது விதையாகாது என்று மனதுக்குள் ஒரு நியாயம் ஓடியது. முடிச்சைக் கம்பளித் தொப்பிக்குள் செருகித் தலையில் போட்டுக்கொண்டேன். காலுறைக்குள் வைக்க மனம் வரவில்லை, அம்மன் நெல்லாயிற்றே. அந்த அளவுக்குப் பக்தி இருந்தது. என் சட்டைப் பைகளை உறிஞ்சியவர் தவராசா.

இதில் எனக்கு மன்னிப்பே இல்லாத இடம் ஒன்று உண்டு. களைநெல் பரவாமல் தடுப்பதுதான் என் வேலையில் பாதி. ஒரு வட்டையில் அறுவடை முடித்த வெட்டு மெசினைக் கழுவாமல் அடுத்த வயல்வெளிக்குள் விட வந்தவர்களை நடுவெயிலில் மறித்து, மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே கிடந்த நெல்லை அள்ளி அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறேன்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு றப்பர் படகில் பத்துப் பேராக இறங்கினோம். தவராசா கடைசியாக இறங்கி, கரையில் நின்று சப்பாத்துக் காலைப் பார்த்தார். படம் எடுக்கவா என்றேன். "பொறுங்க அண்ணன், பனியாத்துக்கு முன்னால எடுப்பம்" என்றார். பனியாறு ஒரு மேட்டுக்கு அப்பால், இரண்டு கிலோமீற்றர் நடை. துப்பாக்கியோடு வழிகாட்டிப் பெண் முன்னால் போனார், கரடிக்காக அது. பாதி வழியில் இளைப்பாறினோம். ஏறி வந்ததில் வியர்த்தது, தொப்பியைக் கழற்றி உதறினேன்.

கிளம்பும்போது வழிகாட்டி வழக்கப்படி தரையைப் பார்த்தார். கறுப்புக் கற்களுக்கு நடுவே பாசியில் பளிச்சென்று மஞ்சள் மணிகள். துணி தொப்பிக்குள்ளேயே இருந்தது, முடிச்சு மட்டும் அவிழ்ந்திருந்தது. இது யாருடையது என்று கேட்டார். மறுபடி கேட்டார்.

தவராசா நெல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து கமராவின் வில்லையைத் துடைக்கத் தொடங்கினேன். நன்றாகத் துடைத்தேன்.

"என்னுடையது" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

அவரும் வழிகாட்டியும் முழங்காலில் இருந்து இருபது நிமிடம் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார்கள். நான் குனியவில்லை. அதன்பின் படகோட்டி மேலே வந்து அவரைத் திரும்பக் கூட்டிப் போனார். நாங்கள் மேடேறிப் பனியாற்றைப் பார்த்தோம். நீலமாக, ஏழெட்டு மாடி உயரத்துக்கு நின்றது. ஒரு பாளம் உடைந்து விழுந்தது, சத்தம் கொஞ்சம் தாமதித்தே வந்தது. அறுபத்தொரு படம் எடுத்திருக்கிறேன். ஒன்றையும் இதுவரை திறந்து பார்க்கவில்லை.

மாலையில் அறை துடைக்க வந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மஞ்சளக் கண்டதும் விளங்கிற்று அண்ணன், அம்மன்ட நெல்லு எண்டு. நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். நீங்க சொல்லல்ல. மறுகாதான் நான் சொன்னன்."

கோபமாகச் சொல்லவில்லை. தலையணை உறையை மாற்றிவிட்டுப் போனார். அந்தப் பருவம் முடியும்வரை அவருக்குக் கரையிறங்க அனுமதி இல்லை என்று மற்றப் பணியாளர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

வால்ரஸ், பனிக்கரடி, கலைமான் எல்லாம் பார்த்தேன். வழிகாட்டியிடம் உண்மையைச் சொன்னது ஏழாம் நாள், கடைசி இறக்கமும் முடிந்த பிறகு. இழக்க ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இதைப் புதன்கிழமை சொல்லியிருக்கலாம்" என்றார்.

போகிறவர்களுக்கு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இருட்டு வராது, கண்ணை மறைக்கத் துணி வேண்டும். ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால் இரண்டு தரம் நுழையும் விசா எடுங்கள். ஒரு தரத்துக்கானதை எடுத்தால் ஒஸ்லோ திரும்ப முடியாது. முழங்கால் சப்பாத்து கப்பலிலேயே கிடைக்கும். வாந்தி மாத்திரையை அலைக்கு முன்பே போடுங்கள். சட்டைப் பையை வீட்டிலேயே உதறுங்கள். வீட்டார் மடியில் எது கட்டிவிட்டாலும் ஒஸ்லோவோடு வைத்துவிட்டுப் போங்கள், அம்மன் கோபிக்க மாட்டாள்.

போன ஞாயிறு கதிரவெளிக்குப் போனேன். தேற்றாத்தீவிலிருந்து நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, மோட்டார் சைக்கிளில் இரண்டரை மணி நேரம். தவராசா இன்னும் கப்பலில்தான், அவர் மனைவி தேத்தண்ணி தந்தார். மகள் கதவுப் பக்கம் நின்றாள். தாய்தான் கேட்டார்:

"அவர் சொன்னவர், நீங்கதான் படம் எடுத்த ஆள் எண்டு. போன் பழுதாப் போச்சாம், அனுப்பக் கிடைக்கல்லயாம். உங்கட போன்ல இரிக்கா அண்ணன்?"

வீட்டுக்கும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை அவர். படம் இல்லை என்றேன். பிறகு தொப்பியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நெல் விழுந்ததை, அவர் என்னைப் பார்த்ததை, நான் கமரா துடைத்ததை, அவர் படகுக்குத் திரும்பி நடந்ததை. தாய் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும், கதை இன்னும் இருக்கிறது என்று நினைத்தவர்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு,

"மறுகா?" என்றார்.