கொஞ்சம் குளிர்கிறது

அந்த ஆபீஸில் அவளுக்குப் பிரளயம் அக்கா என்று பெயர். வைத்தவர்கள் அவளிடம் வேலை பழகிய பிள்ளைகள்தான். கடல் தாண்டிய ஒரு குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக்கும் மெஷின் நின்றுபோனால் ஃபோன் இங்கேதான் வரும். புகாரைக் கேட்டு, மெக்கானிக் வர ஒரு தேதி கொடுப்பது இவர்கள் வேலை.

புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் நடுங்கித்தான் போவார்கள். எடுத்த எடுப்பில் அந்த நாட்டுக்காரி ஒருத்தி ஃபோனில் 'டிசாஸ்டர்', அதாவது பிரளயம், என்று கத்துவாள். வீடே இடிந்து நாலு பேர் போய்விட்டார்களோ என்று இவர்களுக்கு வாயடைத்துவிடும். அக்கா சிரித்துக்கொண்டே பாடம் எடுப்பாள். டிசாஸ்டர் என்றால் விருந்தாளி வரும் நேரத்தில் வெந்நீர் இல்லை. கேட்டாஸ்ட்ரஃபி என்றால் மெக்கானிக்கின் செருப்புக் கறை கம்பளத்தில். ட்ராஜடி என்றால் பூந்தொட்டி உடைந்துவிட்டது. நாம் மட்டும் என்ன ஒழுங்கு, பஸ் போய்விட்டால் 'செத்தேன்' என்கிறவர்கள்தானே என்பாள்.

ஆனால் சிரித்தாலும், கத்துகிறவர்களுக்குத்தான் முதல் தேதி. மேலிடத்துக்குப் புகார் எழுதுகிறவர்கள் அவர்கள். அழுத பிள்ளைக்குத்தானே பால்? மெதுவாகப் பேசுகிறவர்கள் எத்தனை நாளும் பொறுத்துக்கொள்வார்கள். அக்கா ஆரம்பித்த இந்த வழக்கம் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. மேனேஜருக்கு அதில் பரம திருப்தி.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு நாள், ஒரு பெரியவர் பேசினார். இங்கே கொஞ்சம் குளிர்கிறது, தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும், அவசரமில்லை, மற்றவர்களைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்றார். ரெண்டு கோட்டை ஒன்றாகப் போட்டுக்கொண்டு கரடி மாதிரி உட்கார்ந்திருப்பதாக ஒரு வேடிக்கை வேறு. அக்காவும் சிரித்தாள். அடுத்த வாரக் கடைசியில் ஒரு தேதி கொடுத்தாள்.

அந்தத் தேதி வரும் முன்பே பக்கத்து வீட்டு அம்மாள் ஃபோன் செய்தாள். அழைப்பு அக்காவுக்கே வந்தது. இனி மெக்கானிக் வேண்டியிருக்காது, பெரியவர் காலமாகிவிட்டார், நாற்காலியில் கோட்டோடு கிடந்தார், வீடு ஐஸாக இருந்தது, கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது என்றாள் அந்த அம்மாள். அவ்வளவுதான். பெரிய வார்த்தை ஒன்றாவது வரும் என்று அக்கா காத்திருந்தாள். வரவில்லை.

அக்காவின் புருஷன் மாரடைப்பில் போன காலையில், பக்கத்திலேயே உடம்பு கிடக்க, இதே ஆபீஸுக்கு அவள் ஃபோனில் சொன்னது என்ன? வீட்டில் கொஞ்சம் பிரச்சினை, இன்றைக்கு வர முடியாது. அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. நிஜமாகவே தலையில் இடி விழுந்தவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அந்த ஆபீஸிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தவளே அவரைக் காக்க வைத்துவிட்டாள். அந்த நினைப்பு அவளைச் சோறு தின்னவிடவில்லை.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சாவு என்று வந்துவிட்டதால் பெரியவர் பேசிய அந்த ஃபோன் பதிவைக் கேட்டாகவேண்டுமாம். ரெண்டு பேரும் கேட்டார்கள். அவள் குரல் தேனாக வழிந்தது. கடைசியில், ரொம்ப அன்பாகப் பேசினீர்கள், இன்றைக்கு நான் பேசிய ஒரே ஆள் நீங்கள்தான் என்று பெரியவர் நன்றி சொன்னார்.

மேனேஜர் நல்ல மனுஷன். "உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. பொறுமை, மரியாதை எல்லாத்துக்கும் முழு மார்க் போட்டிருக்கு. போன வாரம் புதுப் பிள்ளைங்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்டினோம்" என்றார்.

"குளிருதுன்னு சொல்றாரு சார்" என்றாள் அக்கா. "எடுத்ததுமே அதைத்தான் சொல்றாரு."