லாரிக்கு அடியில் ஒரு நாப்பி

செம்பாக்கம் ஏரியோரம் எங்கள் சாமான் லாரி நிற்கிறது. அடியில் ஏதோ எண்ணெய் சொட்டுகிறது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பெரும்பாக்கம் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். வேறு நாள் பார்த்திருக்கலாமோ?

"அக்கா, வெள்ளைத் துணி எதுனா கீதா?" என்கிறார் டிரைவர். என் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தையின் துவைத்த நாப்பியைத் தருகிறேன். வண்டிக்கு அடியில் விரிக்கிறார். கியர் பாக்ஸுக்கு நேர் கீழே கறை விழுகிறது.

"இன்ஜின் ஆயிலா கியர் ஆயிலான்னு மோந்தா தெரியும். எனக்கு சளி, மூக்கு அடைச்சிகினு கீது."

நாப்பியை மோந்து பார்ப்பது எனக்கென்ன புதிதா? "அழுகின முட்டை வாசனை அண்ணா. இருங்க, இன்னொரு தடவை பாத்துடறேன்... ஆமா, முட்டைதான்."

"அப்ப கியர் ஆயிலு. நீ டாக்டருக்கா!"

படுத்தபடியே கியர் பாக்ஸின் அடி போல்ட்டை இறுக்குகிறார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, துளையில் விரல் விட்டு, "ஆயில் கொறையல" என்கிறார். இன்னொரு நாப்பியை விரித்துப் பத்து நிமிடம் குனிந்து பார்க்கிறோம். ஒரு சொட்டுகூட இல்லை.

மணி ஒன்பதே முக்கால். கிளம்புகிறோம். மேடவாக்கம் தாண்டுவதற்குள் என் மடி நனைகிறது. கைப்பையில் இருந்த இரண்டு நாப்பியையும் லாரிக்குக் கட்டியாகிவிட்டது.