செவ்வாய்க்கிழமை அத்தர்

காலை எட்டரைக்குத் தாழ்வாரத்தில் அத்தர் வாசனை. எனக்குத் திக்கென்றது. பக்கத்து வீட்டுக் காதர் நானா அத்தர் பூசினால் அது வெள்ளிக்கிழமை, அன்றோ செவ்வாய். முதல்நாள்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்: "நானா, பழைய பனியனோட இருங்க. தலைகூட வார வேணாம்."

சிங்கப்பூர் தோ பாயோவில் பதினொரு வருடமாக அடுத்தடுத்த கதவு எங்களுக்கு. நானா நாகூர்க்காரர்; கப்பல் பட்டறையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி போனபின் தனி ஆள். பக்கவாதம் வந்ததிலிருந்து வலக்கை விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. முதியவர்கள் தங்கள் வீட்டிலேயே வாழட்டும் என்று அரசு உதவி விதிகள் மாறியிருந்தன. குளிப்பது, உடுத்துவது, நடப்பது என எதையெல்லாம் தானாகச் செய்ய முடியவில்லை என்று பார்த்து, காலையில் உதவிக்கு ஆள் அனுப்பச் செலவு தருவார்கள். அதை மதிப்பிட அன்று ஒரு பெண் வருகிறாள். உதவி கிடைக்காவிட்டால் நானா இந்த வீட்டைப் பூட்டிவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான்.

இந்த வித்தை எனக்குத் தெரியும். மன்னார்குடியில் அம்மாவின் உதவித்தொகைக்கு விசாரிக்க அதிகாரி வந்த அன்று, மிக்சியும் எவர்சில்வர் அண்டாவும் பின்வீட்டுக்குப் போயின. அம்மா கம்மலைக் கழற்றி என் கையில் வைத்தாள். வெறுங்காதோடு அவள் நின்ற நிற்பு! உதவி வேண்டுமென்றால் முதலில் இளைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பாடத்தையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன் போலிருக்கிறது.

நானா கதவைத் திறந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பட்டன், வகிடெடுத்த தலை.

"என்ன நானா இது!"

"ஒரு பொம்பளப் புள்ள நம்ம வீட்டுக்கு வருது. பனியனோட நிக்கச் சொல்றியே, வெக்கமா இல்ல ஒனக்கு?"

ஒன்பது மணிக்கு மதிப்பிட வந்த சீனப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "அங்கிள், வெரி ஹேண்ட்சம்! யூ டிரஸ் யுவர்செல்ஃப்?"

"ஆல் மைசெல்ஃப் லா!"

போச்சு. அவள் பேனா தாளைத் தொட்டது. அவர் விரல்கள் கேட்பதில்லை என்ற உண்மையை நான் சொல்லலாம். ஆனால் வீடு தேடி வந்தவள் முன்னால் அது அவர் சட்டையை உரிப்பதுபோல.

நானாவோ நிறுத்தவில்லை. நெஞ்சை நிமிர்த்தினார். "ஃபோர் ஓ கிளாக் ஸ்டார்ட். எயிட் ஓ கிளாக் ஃபினிஷ். அப்பாயிண்ட்மெண்ட் நைன். ஒன் அவர் எர்லி!"

பேனா நின்றது. "ஃபோர் அவர்ஸ், அங்கிள்?"

"பட்டன் த்ரீ டைம்ஸ் ராங். ஓப்பன், டூ அகெய்ன். மை ஷிப்யார்ட், நோ லூஸ் வொர்க்!"

அவள் எழுதியதை அடித்துவிட்டு, அந்த நான்கு மணிநேரத்தை நிதானமாக எழுதினாள். காலையில் ஆள் வேண்டும் என்று தானே பரிந்துரைப்பதாகச் சொன்னாள். நான் ஒளிக்கச் சொன்ன பெருமையே அவருக்காகப் பேசிவிட்டது. ஒரு பொய் இல்லை, ஒரு குனிவு இல்லை. அம்மாவின் கம்மலை மூடிப் பிடித்திருந்ததும் இந்தக் கைதான். இப்போது நானாவின் கதவைப் பெருமையோடு பிடித்து நிற்பதும் இதேதான். எது எந்த ஊர்க் கை என்று எனக்கே தெரியவில்லை.

அவள் கிளம்பினாள்; லிஃப்ட் வந்துவிட்டது. நானா கைத்தடியோடு வாசல்வரை வந்து குரல் கொடுத்தார்:

"மிஸ்! மார்னிங் கம் பெர்சன், கோப்பி ஆர் டீ? டவுன்ஸ்டேர்ஸ் ஷாப், ஐ டெல் ஃபர்ஸ்ட் லா!"